33 அங்குல ரயர் போட்டால் பிடிப்பார்களா? (ஹைலக்ஸ், முல்லைத்தீவுப் பக்கம்)

ஒட்டுசுட்டான் ஓட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம். 2012 ஹைலக்ஸ் டபுள்கெப் ஒன்று வைத்திருக்கிறேன், நாலு சில்லும் இழுக்கிற வகை. வயல் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே. மாரி தொடங்கிவிட்டால் வாய்க்கால் கரையால் உள்ளே போவது பெரும் பாடு. போன காலபோகத்தில் உர மூடையோடு போய் இரண்டு தரம் புதைந்து, இரண்டு தரமும் உழவு மெஷின் வந்து கட்டி இழுத்தது. இழுத்தது என் மச்சான்தான், ஆனால் அந்தக் கதையை அவர் வற்றாப்பளைப் பொங்கல் வரை சொல்லித் திரிந்தார்.

எனக்கு முன் வைத்திருந்தவர் வண்டியை ஏற்கெனவே 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறார். முன் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு), பின்னால் நீளமான ஷக்கிள் (ஸ்பிரிங் தகட்டைச் சேசிஸோடு இணைக்கிற துண்டு). இப்போது கிடப்பது கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவேதான், 265/65R17 (அகலம் 265 மில்லிமீற்றர், பக்க உயரம் அதில் 65 வீதம், ரிம் 17 அங்குலம்). வவுனியாவில் ஒரு கடையில் 285/70R17 மட் ரயர் (சேற்று ரயர்) ஒரு செட் இருக்கிறது, பாவித்ததுதான், ஆனால் கட்டை (தரையில் பிடிக்கிற பல்) இன்னும் உயரமாக இருக்கிறது. "33 அங்குலம் தம்பி, இதைப் போட்டால் குளத்துக்குள்ளேயே இறங்கலாம்" என்கிறார் கடைக்காரர்.

எனக்குத் தெரிய வேண்டியது சட்டம். ஒருவர் "ரயரை யார் பார்க்கிறான், போடு" என்கிறார். இன்னொருவர் கோட்டுக்கு இழுப்பார்கள் என்கிறார். மூன்றாமவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) போய் எழுதினால் சரி என்கிறார். 2025 தொடக்கத்தில் அரசாங்கத்தின் கிளீன் சிறிலங்காத் திட்டம் என்று பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் பூட்டியிருந்ததை எல்லாம் கழற்றச் சொன்னதிலிருந்து எனக்கு ஏ9 இல் ஏறவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் எவ்வளவு பெரிசு வரை போடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவிப் பொடியன்:

ரயரை விடுங்கள் அண்ணை, முதலில் மச்சானை மாற்றுங்கள்.

பகிடி ஒரு பக்கம். உரத்தை லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெஷினில்) ஏற்றிவிட்டால் இந்தக் கேள்வியே வராதே? 33 அங்குல மட் ரயர் ஒரு செட்டுக்குப் போகிற காசில் எத்தனை வருடம் வாடகை கொடுக்கலாம் என்று ஒருக்கால் கணக்குப் பாருங்கள்.

கராஜ் அண்ணை (கிளிநொச்சி):

தம்பி, நீங்கள் கேட்கிற விதமே கொஞ்சம் பிசகு. எத்தனை அங்குலம் வரை விடுவார்கள் என்று கேட்கிறீர்கள். மறிக்கிறவர் கையில் எடுப்பது அளவு நாடாவை இல்லை, புத்தகத்தை. உங்கள் பதிவுப் புத்தகத்தை எடுத்து ஒருக்கால் விரித்துப் பாருங்கள், நிறம், இருக்கை, எடை, நீளம், அகலம், உயரம் எல்லாம் எழுதியிருக்கும் இடத்தில் ரயர் அளவுக்கும் ஒரு கட்டம் இருக்கும், முன்னுக்கு வேறு, பின்னுக்கு வேறு. வண்டி அந்தத் தாளில் இருக்கிற வண்டியாக இருக்க வேண்டும், விசயம் அவ்வளவுதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நிற்பதே அதில்தான். விபரம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவை மாற்ற வேண்டும், அமைப்பையே மாற்றுவதென்றால் முதலில் அனுமதி. ரோட்டில் மறித்தவருக்குச் சந்தேகம் வந்தால் வண்டியை வாகனப் பரிசோதகரிடம் அனுப்பலாம். அவர் பார்ப்பது ரயரை மட்டும் இல்லை, குனிந்து அந்த ஷக்கிளையும் பார்ப்பார். அதாவது ரயர் போடாமலே நீங்கள் அரைவாசி சிக்கலில்தான் நிற்கிறீர்கள். முன்னையவர் உயர்த்தியதைப் புத்தகத்தில் ஏற்றினாரா? ஏற்றியிருக்க மாட்டார், ஒருவரும் ஏற்றுவதில்லை.

இனிக் கணக்கு. 265/65R17 இன் விட்டம் 776 மில்லிமீற்றர். 285/70R17 என்றால் 831. கடையில் 33 என்று சொன்னாலும் கணக்குப்படி 32.7 தான், சரி அது கிடக்கட்டும். வித்தியாசம் 54.5 மில்லிமீற்றர். வண்டி அவ்வளவு உயருமா? இல்லை. ரயரின் மேல் பாதி மட்காட்டுக்குள் போகும், கீழ்ப் பாதிதான் உங்களைத் தூக்கும். டிஃப்புக்கு (அக்சில் நடுவில் தொங்குகிற கியர்ப் பெட்டிக்கு) கீழே கிடைப்பது 27 மில்லிமீற்றர், ஒரு அங்குலமும் கொஞ்சமும். புதைந்த அன்று எவ்வளவு தாழ்ந்தது என்று மச்சானிடம் கேளுங்கள், முழங்கால் அளவு என்பார். இந்த ஒரு அங்குலம் அதற்கு என்ன செய்யும்?

அந்த ஒரு அங்குலத்துக்குக் கொடுக்கிற விலையையும் கேளுங்கள். சில்லு 7 வீதம் பெரிசாகிறது, மீற்றருக்கு அது தெரியாது. மீற்றர் 70 காட்டும்போது நீங்கள் 75 இல் போவீர்கள், வேகம் பார்க்கிற மெஷினுக்கு முன்னால் மீற்றரைக் காட்டி ஒன்றும் கதைக்க முடியாது. கிலோமீற்றரும் குறைத்துக் காட்டும், 1000 ஓடினால் 934 என்று நிற்கும், டீசல் கூடக் குடிக்கிறதென்று என்னிடம் வந்து சண்டை பிடிப்பீர்கள், பாதி உண்மை பாதி மீற்றர். பாதி உண்மை என்றேனே, ரயர் பாரம், கியர் எல்லாம் நீண்டுபோன மாதிரி இருக்கும், மூன்றாவதில் ஏறிய இடத்தை இரண்டாவதில் ஏறுவீர்கள். பிரேக் அதே பிரேக், பிடிக்க வேண்டிய சில்லு மட்டும் பெரிசு. ஸ்ரேறிங்கை முழுக்கத் திருப்பினால் உள்பக்கம் சேசிஸில் உரசும், முன்பக்கம் மட்காட் பிளாஸ்ரிக்கைத் தின்னும். உயர்த்தியதால் உங்கள் முன் அக்சில் ஏற்கெனவே சரிவில் நிற்கிறது, அதன் றப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியில் தெறித்திருக்கும், நாளைக்கே குனிந்து பாருங்கள். மேலதிகச் சில்லும் பெட்டிக்குக் கீழே பழைய இடத்தில் ஏறாது.

இன்னொன்று, காசு போதாது என்று பின்னுக்கு மட்டும் இரண்டு பெரிய ரயர் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாலு சில்லையும் சேர்க்கும்போது முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும். அளவு வித்தியாசமாக இருந்தால் ஒன்றை ஒன்று முறுக்கும், சேற்றில் சறுக்கித் தப்பும், தார் ரோட்டில் தப்பாது, ட்ரான்ஸ்பர் பெட்டிதான் (முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி) போகும். அந்தப் பெட்டியின் விலையில் நாலு புது ரயர் வாங்கலாம்.

பாவித்த ரயர் என்கிறீர்கள். கட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2317 என்றால் 2017 இன் 23ஆம் கிழமையில் செய்தது. மட் ரயர் தேயாமலே கிழடாகும். கட்டைக்கு இடையில் நகத்தால் அமத்திப் பாருங்கள், மயிர் வெடிப்புத் தெரிந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

என்னிடம் கேட்டால் 265/70R17, ஏ.ரி. ரகம் (ஓல் ரெறெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது). விட்டம் 803, வித்தியாசம் 26 மில்லிமீற்றர்தான், மீற்றர் 3 வீதம் சொச்சம் பிசகும், ஒன்றும் உரசாது. அதுவும் புத்தகத்தில் இருக்கிற அளவு இல்லை, போட்டால் எழுதுவியுங்கள்.

மெல்பேர்ண் மாங்குளத்தான்:

கராஜ் அண்ணை சொன்னதற்கு மேலே நான் சொல்ல அதிகமில்லை, ஆனால் இந்த விசயத்தில் ஒரு தரம் சூடுபட்டவன் என்பதால் எழுதுகிறேன். பிறந்தது மாங்குளம், இப்போது மெல்பேர்ண். இங்கே போர் வீல் வைத்திருக்கிறவன் எல்லாம் பெரிய ரயர் போடுவான், அதனால் சட்டமும் மில்லிமீற்றர் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். விஎஸ்பி 14 என்று நாடு முழுவதற்குமான ஒரு நெறிமுறை. சாதாரணக் கார் என்றால் ரயர் விட்டம் 15 மில்லிமீற்றர்தான் கூடலாம். காட்டு வழி ஓடுகிற போர் வீலுக்கு 50 மில்லிமீற்றர். எதிலிருந்து 50 என்றால், உங்கள் வண்டியில் கிடக்கிற ரயரிலிருந்து இல்லை, அந்த மொடலுக்குக் கொம்பனி குறித்த ரயர்களில் பெரியதிலிருந்து.

265/65R17 தான் அந்தப் பெரியது என்று வைத்து உங்கள் கணக்கை இதில் போட்டுப் பார்த்தேன். 54.5. இங்கே என்றால் நாலரை மில்லிமீற்றரால் விழுந்தீர்கள். உயரத்துக்கும் கணக்கு இருக்கிறது: சஸ்பென்சனில் 50, ரயரால் 25 (விட்டத்தில் 50 கூடினால் பாதிதானே உயரம்), எல்லாம் சேர்த்து 75. உங்கள் வண்டி ஏற்கெனவே 2 அங்குலம், அதோடு 27, மொத்தம் 78. அதிலும் விழுந்தீர்கள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும், விக்டோரியாவில் அதற்கு வாஸ் என்று பெயர். அவர் சும்மா கையெழுத்துப் போட மாட்டார், பிரேக்கைப் பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், காசும் நன்றாக வாங்குவார்.

மீற்றருக்கும் சட்டம். உண்மையான வேகத்தை விடக் கூடக் காட்டலாம், அதற்கும் ஒரு எல்லையோடு. குறைத்துக் காட்டவே கூடாது. பெரிய ரயர் செய்வது அந்தக் கூடாததைத்தான். பிறகு சில்லு மட்காட்டுக்கு வெளியே தள்ளி நிற்கக் கூடாது, சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் வைக்கக் கூடாது, ரயரின் பாரம் தாங்கும் எண் கொம்பனி குறித்ததை விடக் குறையக் கூடாது. இந்தக் கடைசியைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. ரயரில் 112 என்று இருந்தால் ஒரு சில்லுக்கு 1120 கிலோ. பெரிசாக இருப்பதெல்லாம் கூடத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், நீங்கள் உர மூடை ஏற்றுகிறவர்.

நான் சூடுபட்டது ஸ்பேசரில். சில்லைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் வண்டி தோரணையாக நிற்கும் என்று போட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறித்து மஞ்சள் ஒட்டியை ஒட்டிவிட்டார்கள். இங்கே அதைக் கனேரிக் குருவி என்பார்கள், நிறம் அப்படி. எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கிக் காட்டித்தான் அதை எடுக்கலாம். பிள்ளைகள் இப்போதும் "அப்பா, குருவி வருகுது" என்று நக்கல்.

ஒட்டுசுட்டான் ஓட்டி:

அண்ணை, கோபிக்க வேண்டாம், அவுஸ்திரேலியாச் சட்டத்தை வைத்து நான் நெடுங்கேணிச் சந்தியில் என்ன செய்ய? இங்கே மறிக்கிறவரிடம் விஎஸ்பி 14 என்றால் அது எந்த பஸ் இலக்கம் என்று கேட்பார்.

கராஜ் அண்ணை, குனிந்து பார்த்தேன். வலப்பக்கம் உறை கிழிந்துதான் கிடக்கிறது. எப்படித் தெரிந்தது?

மெல்பேர்ண் மாங்குளத்தான்:

கோபம் ஏன் தம்பி. அது உங்களுக்குச் சட்டம் இல்லை, அளவுகோல். ஒரு நாடு இதையே வேலையாகப் பரிசோதித்து, இவ்வளவு வரை வண்டியின் குணம் பெரிதாக மாறாது, இதற்கு மேல் மாறும் என்று கோடு போட்டிருக்கிறது. முறிகண்டிக்குக் கிட்ட மாடு குறுக்கே வந்தால் உங்கள் ஹைலக்ஸ் பிரளுவதற்கும் இங்கே கங்காரு குறுக்கே வந்தால் என்னுடையது பிரளுவதற்கும் ஒரே காரணம்தான், பாரம் மேலே ஏறிவிட்டது.

கராஜ் அண்ணை (கிளிநொச்சி):

2 அங்குலம் உயர்த்தினதென்றால் அது கிழியும். கொண்டு வாருங்கள், மணல் உள்ளே போக முதல்.

கணக்கு அக்கா:

நீங்கள் எல்லோரும் பொலிஸைப் பற்றியே கதைக்கிறீர்கள். மறித்துத் தண்டம் எழுதினால் அன்றோடு முடிந்தது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் தம்பி ஒரு பஜிரோ வைத்திருந்தான், பெரிய ரயர், சில்லு மட்காட்டுக்கு வெளியே நாலு விரல். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில் இரவு, மழை விட்ட நேரம், ரோட்டுச் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும் தெரியும்தானே. கறுத்த மாடு. ஸ்ரேறிங்கை வெட்டித் திருப்பினான், வண்டி வயலுக்குள் பிரண்டது. கடவுளே என்று ஆளுக்குத் தோள் எலும்பு மட்டும். முழுக் காப்புறுதி இருக்கிறது என்று நாங்கள் தெம்பாக இருந்தோம். மதிப்பீட்டுக்கு வந்தவர் உடைந்த கண்ணாடியைப் பார்க்க முதல் ரயரில் இருந்த எழுத்தைப் படம் எடுத்தார். பிறகு புத்தகத்தைக் கேட்டார். அதில் ஒரு அளவு, வண்டியில் ஒரு அளவு. "இதை எங்களுக்கு அறிவித்தீர்களா" என்று ஒரே ஒரு கேள்வி. அறிவிக்கவில்லை. நாலு மாதம் இழுத்து, கடைசியில் கேட்டதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். நிறுவனத்தைத் திட்டித் திட்டி அலுத்துப்போய் ஒரு நாள் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன், வண்டியில் மாற்றம் செய்தால் சொல்ல வேண்டும் என்று எழுதித்தான் இருந்தது, எறும்பு எழுத்தில்.

அது எங்கள் வண்டிக்கான கதை. எதிரே வந்து அடிபட்டவர் ஒருவர் இருந்திருந்தால்? அப்போது கோட்டில் முதல் கேள்வி வண்டி சட்டப்படி இருந்ததா என்பதுதான்.

அடுத்தது, வண்டி லீசிங்கிலா? லீசிங் என்றால் புத்தகத்தில் அவர்கள் பெயரும் இருக்கும், மாற்றம் செய்ய அவர்களிடமும் கேட்க வேண்டும், கடிதமும் வாங்க வேண்டி வரும். ஆகவே வரிசை இது தம்பி: முதலில் லீசிங் கொம்பனி, பிறகு கச்சேரியில் இருக்கிற மோட்டார் போக்குவரத்துக் கிளை, பிறகு காப்புறுதிக்காரருக்கு எழுத்தில். வாயால் சொன்னதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ரயர் கடைசி.

பழைய சாரதி:

பிள்ளைகளே, எல்லாம் வாசித்தேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆள் நான், பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ரயர் கிழிந்தால் உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டு வைத்து ஓடுவோம். அந்த நாளில் சட்டம் என்று ஒன்று என்னை மறித்ததில்லை, ஆகவே சட்டம் கராஜ்காரரும் அக்காவும் சொன்னது. நான் சேற்றைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சேறு மேலே குழம்பு, கீழே கெட்டி. அகலமான ரயர் குழம்பில் மிதக்கும், மிதந்து சறுக்கி வாய்க்காலுக்குள் போகும். ஒடுக்கமும் உயரமுமான ரயர் குழம்பை வெட்டிக்கொண்டு கெட்டியில் நிற்கும். பழைய லான்ட்றோவரில் 7.50-16 போட்டது சும்மா இல்லை. உழவு மெஷினுக்குச் சேற்றில் இரும்புச் சில்லு பூட்டுகிறோமே, அது அகலமாக இருக்கிறதென்றா வேலை செய்கிறது? கீழே போய்ப் பிடிக்கிறது. முருங்கன் களிமண் வேறு சாதி, அதில் எந்த ரயரும் ஒரு சுற்றில் பணியாரமாகிவிடும், அங்கே மழை விடும் வரை வீட்டில் இருப்பதே உத்தமம்.

செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். வயலுக்குள் இறங்க முதல் ரயர்க் காற்றை 35 பிஎஸ்ஐ இலிருந்து 20க்கு இறக்கு. ரயர் நீளவாக்கில் படுத்துப் பிடிக்கும். கடற்கரை மணலுக்கும் இதுதான், நாயாற்றுப் பக்கம் மீன் ஏற்றப் போகிறவர்களைக் கேட்டுப்பார். ஆனால் தார் ரோட்டுக்கு ஏற முதல் திரும்ப அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி வெடிக்கும். பற்றறியில் போடுகிற சின்னப் பம்ப் ஒன்று வாங்கி இருக்கைக்குக் கீழே வை. புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்காதே. நீ மிதிக்க மிதிக்க அது தோண்டும். இறங்கிப் போய் வைக்கோல் கொண்டு வா.

மல்லாவிப் பொடியன்:

ஐயா, மண்ணெண்ணெய்க் கார்க் கதைக்குத் தனியாக ஒரு திரி தொடங்குங்கள், புண்ணியமாகப் போகும்.

ஒட்டுசுட்டான் ஓட்டி:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வவுனியாக் கடைக்குப் போய் அந்தச் செட்டைத் திரும்பப் பார்த்தேன். மூன்றில் 1416, ஒன்றில் 3812. நாலும் ஒரே வண்டியில் கழற்றியதென்று சொன்னவர் அதைக் காட்டியதும் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். வரவே இல்லை. நகத்தால் அமத்திப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, வெடிப்பு நின்றபடியே தெரிந்தது.

கராஜ் அண்ணையிடம் வண்டி விட்டிருக்கிறேன். உறை மாற்றி, முன் ஸ்பேசரையும் பின் ஷக்கிளையும் கழற்றிக் கொம்பனி உயரத்துக்கே இறக்கச் சொன்னேன். 265/70R17 பிறகுதான், முதலில் கடிதம். லீசிங் இன்னும் 14 மாதம் இருக்கிறது, அக்கா சொன்ன வரிசையில் போகிறேன். அதுவரை பழைய ரயரும் 20 காற்றும்.

நேற்று மழை. கராஜுக்கு விட முதல் ஒரு தரம் காற்றை இறக்கி, வெறும் வண்டியாக வாய்க்கால் கரையால் போய்ப் பார்த்தேன். போனது. திரும்பியும் வந்தது. மூடை ஏற்றிப் பார்க்கவில்லை. மச்சான் கரையில் கயிற்றோடு நின்றார்.

மல்லாவிப் பொடியன்:

அவர் முகம் எப்படி இருந்தது?